"உடனே கிளம்பி வந்துடு" என்று சொல்லாதீர்கள்!



பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும்போது கண் கலங்காத தாய் உண்டா? எனக்கு அந்தக் கண்ணீர் பெண்ணின் கல்யாணத்துக்கு முன்பே வந்துவிட்டது. 2024 ஜனவரியில் என் பெரிய பெண்ணைக் கும்பகோணத்திலிருந்து பெங்களூருக்கு ரயிலேற்றி அனுப்பினேன். கணவன் வீட்டுக்கு அல்ல; வேலை பழக!

இந்தக் காலத்தில் என்ஜினீயரிங் படிக்கும் பிள்ளைகள் கடைசி வருஷத்தில் ஏதாவது ஒரு கம்பெனியில் சில மாதங்கள் இருந்து வேலை பழகிவிட்டு வருகிறார்கள். இன்டர்ன்ஷிப் என்று பெயர். என் பெண்ணுக்குப் பெங்களூரில் ஒரு கம்பெனியில் ஐந்து மாதத்துக்கு இடம் கிடைத்தது. மாதம் 15,000 ரூபாய் உதவித்தொகையும் உண்டு என்றார்கள்.

"வயசுப் பொண்ணைத் தனியா அனுப்பறீங்களே, ஊர் என்ன சொல்லும்?" என்று மாமியார் ஆரம்பித்தார். என்னவர், "ஊரா வந்து ஃபீஸ் கட்டுச்சு?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். நானோ வாயே திறக்கவில்லை. பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, புளிக்காய்ச்சல், நாரத்தங்காய், மோர் மிளகாய் என்று பதினைந்து நாளும் அடுப்படியிலேயே இருந்தேன். பயத்தை எல்லாம் வறுத்துப் பொடித்து டப்பாவில் அடைத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்!

மைசூர் எக்ஸ்பிரஸ் கிளம்பும் நேரம். அவளைக் கொண்டு விட அவள் அப்பாவும் கூடப் போகிறார். ஜன்னல் வழியாக அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

"ஏதாவது ஒண்ணுன்னா யோசிக்காதே கண்ணு, உடனே கிளம்பி வந்துடு. பயிற்சியும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். ஒரு தாய் சொல்லக்கூடிய அன்பான வார்த்தை அதுதான் என்று நான் நினைத்திருந்தேன். அது எத்தனை பெரிய தப்பு என்று இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

புது ஊர், புது வாழ்க்கை

தங்குவதற்குக் குந்தலஹள்ளிப் பக்கம் ஒரு பெண்கள் விடுதி. பி.ஜி. என்கிறார்கள். ஒரு அறைக்கு மூன்று பேர். சாப்பாட்டோடு மாதம் 9,000 ரூபாய். கூட இருந்தவர்களில் ஒருத்தி பாலக்காட்டுப் பெண், இன்னொருத்தி ஹூப்ளிப் பெண். ரயில் நிலையத்தை ஒட்டியே மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் குந்தலஹள்ளியில் இறங்கிவிடலாமாம். ஒயிட்ஃபீல்டு வரைக்கும் அந்தப் பாதை முழுவதும் திறந்தது 2023 அக்டோபரில்தான். "அப்பாவுக்கு மெட்ரோ ரொம்பப் பிடிச்சுப் போச்சும்மா, இறங்கவே மனசில்லை" என்று போனில் சொல்லிச் சிரித்தாள்.

இன்னொரு வேடிக்கை. நம் ஊரில் 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது அல்லவா? கர்நாடகத்திலும் 2023 ஜூனில் அப்படி ஒரு திட்டம் கொண்டு வந்தார்கள். ஆனால் அது அந்த மாநிலத்துப் பெண்களுக்குத்தான். இவள் தெரியாமல் சும்மா உட்கார்ந்திருக்க, கண்டக்டர் அடையாள அட்டையைக் கேட்டுப் பார்த்துவிட்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தாராம்!

விடுதியில் சமைக்கும் அம்மா தினமும் "ஊட்டா ஆய்த்தா?" என்று கேட்பாராம். சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். "நீ கேக்கறதையே அவங்க கன்னடத்தில கேக்கறாங்கம்மா" என்றாள். முகம் தெரியாத அந்த அம்மாவுக்கு இங்கிருந்தே கை கூப்பினேன்.

ஆபீசில் முதல் மூன்று வாரம் யாரும் வேலையே கொடுக்கவில்லையாம். எல்லோரும் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருக்க, இவள் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். பிறகு இவளாகவே எழுந்து போய், "எனக்கு ஏதாவது கொடுங்க, சின்ன வேலையா இருந்தாலும் பரவாயில்லை" என்று கேட்ட பிறகுதான் கொடுத்தார்கள். மற்றவர்கள் செய்து முடித்ததில் தப்பு இருக்கிறதா என்று சோதிக்கும் வேலை. இதையெல்லாம் அப்போது என்னிடம் சொல்லவில்லை. "எல்லாம் நல்லாயிருக்கும்மா" என்பதுதான் தினசரிப் பாட்டு.

தண்ணீர் வந்த வழி

காவேரிக் கரையில் வாழும் எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது. பெங்களூரிலும் நம் காவேரித் தண்ணீர்தான். சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து பம்ப் வைத்து மேட்டுக்கு ஏற்றிக் கொண்டு வருகிறார்கள். ஆனால் ஊரின் எல்லாப் பகுதிக்கும் அது போய்ச் சேரவில்லை. ஓரத்துப் பகுதிகள் ஆழ்குழாய்க் கிணற்றையும் டேங்கர் லாரியையும் நம்பி இருந்தன. 2023-இல் மழை பொய்த்ததால் 2024 மார்ச்சில் ஆழ்குழாய்கள் வற்றி, ஊரே தண்ணீருக்குத் திண்டாடியது. பத்திரிகைகளில் நீங்களும் படித்திருப்பீர்கள்.

இவள் விடுதியிலும் டேங்கர் தண்ணீர்தான். குடிக்கக் கேன் தண்ணீர் வரும். வராத நாளில் கிடைத்ததைக் குடிப்பார்கள். பசித்தால் ரோட்டோரத்தில் பானி பூரி.

மார்ச் கடைசியில் ஒரு வாரமாக முகம் காட்டிப் பேசவில்லை. "நெட் சரியில்லைம்மா" என்றாள். குரல் கம்மியிருந்தது. "ஏசி குளிர்ம்மா" என்றாள். நானும் நம்பினேன்.

எட்டாம் நாள் ராத்திரி ஒன்பது மணிக்குப் பாலக்காட்டுப் பெண் போன் செய்தாள்.

"ஆன்ட்டி, சொல்லக் கூடாதுன்னு அவ சத்தியம் வாங்கியிருக்கா. ஆனா எனக்குப் பயமா இருக்கு. எட்டு நாளாக் காய்ச்சல். சாயங்காலம் ஆனா உடம்பு கொதிக்குது. இன்னிக்கு எழுந்து நிக்க முடியலை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துட்டோம்."

ரயில் போய்விட்டது. கிடைத்த பஸ்ஸில் ஏறினோம். அந்த இரவு நான் வேண்டாத தெய்வம் இல்லை.

கட்டில் அருகில் ஒரு பாடம்

டைபாய்டு. அசுத்தமான தண்ணீர், உணவு மூலம் வயிற்றுக்குள் போகும் கிருமி. உள்ளே போய் ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சலாகத் தலைகாட்டும். தண்ணீரா, பானி பூரியா, எதிலிருந்து வந்தது என்று டாக்டரம்மாவாலும் சொல்ல முடியவில்லை. ஆனால் ஒன்று சொன்னார்: "மருந்துக் கடையில கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கி ரெண்டு நாள் போட்டிருக்கா. அதனால ரத்தப் பரிசோதனையில கிருமியைக் கண்டுபிடிக்கிறதே கஷ்டமாயிடும். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா குடல்ல ஓட்டை விழற அளவுக்குப் போயிருக்கலாம்."

எனக்குக் கை கால் நடுங்கியது. அவளிடம் வந்து பொரிந்து தள்ளினேன்.

"போதும். பெட்டியைக் கட்டு. உயிரோட ஊர் போய்ச் சேருவோம்."

அவள் அழவில்லை. மெதுவாகச் சொன்னாள்:

"இதனாலதாம்மா சொல்லலை. காய்ச்சல்னு சொன்னா, கிளம்பி வான்னுதான் சொல்லுவே. உன் கதை எனக்கு ஆகக் கூடாதுன்னு நினைச்சேன்."

என் கதை!

சகோதரிகளே, அதையும் சொல்லிவிடுகிறேன். 1997-இல் பிளஸ் டூ முடித்த எனக்குத் திருச்சியில் ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. ஹாஸ்டலில் சேர்ந்தேன். இருபதாம் நாள், சாப்பாடு பிடிக்கவில்லை, தூக்கம் வரவில்லை என்று அப்பாவுக்கு ஓர் இன்லண்ட் லெட்டர் எழுதிப் போட்டேன். மனசு ஆறத்தான் எழுதினேன். நாலாம் நாள் அப்பா வாசலில் வந்து நின்றார். "என் பொண்ணு கஷ்டப்பட்டுப் படிக்க வேணாம்." அவ்வளவுதான். அதற்குள் அந்த ஹாஸ்டல் எனக்குப் பழகிவிட்டிருந்தது. அதைச் சொல்லத் தைரியம் இல்லை. அடுத்த மூன்றாம் வருஷம் கல்யாணம். அப்பா அன்பில் குறை வைக்கவில்லை. ஆனால் அந்த ஒரு கடிதத்தை எழுதாமல் இருந்திருந்தால் டீச்சர் ஆகியிருப்பேனே என்று எத்தனையோ முறை இவளிடம் புலம்பியிருக்கிறேன்.

பெற்ற பிள்ளைக்கு நான் சொல்லிக் கொடுத்த பாடம் அதுதான்: கஷ்டத்தை வீட்டில் சொன்னால் படிப்பு போய்விடும். அந்தப் பாடத்தை அவள் நன்றாகவே படித்திருக்கிறாள். "உடனே வந்துடு" என்று நான் ஆறுதலாகச் சொன்னது, அவள் காதில் மிரட்டலாக விழுந்திருக்கிறது!

ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். பெட்டியை நான் கட்டவில்லை. என்னவரை ஊருக்கு அனுப்பிவிட்டு, விடுதியிலேயே தினவாடகைக்கு ஓர் இடம் பிடித்து இன்னும் பத்து நாள் நான் தங்கினேன். டைபாய்டு வந்தால் பட்டினி போட வேண்டும் என்பது பழைய பழக்கம். டாக்டரம்மா பட்டினி கூடாது என்று சொல்லிவிட்டார். கஞ்சி, இட்லி, குழைந்த சாதம், கொதித்து ஆறின தண்ணீர் என்று கொடுத்துத் தேற்றினேன். சமையல்கார அம்மா பாஷை தெரியாமலே எனக்கு அடுப்பில் பாதியை ஒதுக்கிக் கொடுத்தார். கம்பெனியில் லீவும் கொடுத்தார்கள். ஜூன் மாதம் பயிற்சியை முழுசாக முடித்துச் சான்றிதழோடு வந்தாள். அங்கேயே வேலை கிடைக்கவில்லை. சில மாதம் கழித்துச் சென்னையில் கிடைத்தது.

இந்தத் தடவை ரயிலடியில் வேறு மாதிரி சொன்னேன்: "எதுவானாலும் என்கிட்ட சொல்லு. என்ன செய்யணும்னு நீயே முடிவு பண்ணு. நான் வரணும்னா வரேன்."

இப்போது எல்லாவற்றையும் சொல்கிறாள். சில சமயம், இதையெல்லாம் சொல்லாமலே இருந்திருக்கலாமே என்று எனக்கே தோன்றும் அளவுக்கு!

பெண்ணை வெளியூர் அனுப்பும் தாய்மார்களுக்கு

1. விடுதி பார்க்கும்போது பூட்டையும் காவலையும் மட்டும் பார்க்காதீர்கள். குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, தொட்டியை எப்போது கழுவுகிறார்கள் என்று கேளுங்கள். முன்பணத்துக்கு ரசீது வாங்குங்கள்.

2. ஒரு சின்ன மின்சாரக் கெட்டில் வாங்கிக் கொடுங்கள். விடுதியில் அனுமதி உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் கிருமி சாகும். மூடி வைத்து ஆற்றிக் குடிக்கட்டும்.

3. டைபாய்டுக்குத் தடுப்பூசி இருக்கிறது. கிளம்பும் முன் டாக்டரிடம் கேளுங்கள்.

4. காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் நின்றால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். மருந்துக் கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கக் கூடாது. டாக்டர் கொடுத்தால் நடுவில் நிறுத்தக் கூடாது. டெங்குவாகவும் இருக்கலாம் என்பதால் ஆஸ்பிரின், புரூஃபன் போன்ற மாத்திரைகளைத் தானாகப் போட வேண்டாம்.

5. அறைத் தோழிகள் இருவரின் போன் நம்பரை முதல் நாளே வாங்கி வையுங்கள். உளவு பார்க்க அல்ல, ஆபத்துக்கு. அந்தப் பாலக்காட்டுப் பெண் என் நம்பரைத் தேடி எடுக்காமல் இருந்திருந்தால்?

6. வேலை பழகப் போகும் பெண்ணுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. வேலை இடத்தில் யாராவது முறைதவறி நடந்தால், 2013-ஆம் வருஷச் சட்டப்படி புகார் கொடுக்கலாம். பயிற்சிக்கு வந்தவர்களும் அதில் அடக்கம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஒரு பெண் தலைமையில் புகார்க் குழு இருக்க வேண்டும். பொதுவாக மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இதைப் பெண்ணிடம் வெட்கப்படாமல் சொல்லி அனுப்புங்கள்.

7. அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181. இரண்டையும் மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள்.

8. ஒரு மாதச் செலவுக்கான பணத்தை அவள் பெயரில் தனியாகப் போட்டு வையுங்கள். கணக்குக் கேட்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. பொடிகளைக் கட்டிக் கொடுங்கள், தப்பில்லை. ஆனால் ரயில் கிளம்பும்போது என்ன சொல்லப் போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே யோசித்து வையுங்கள். பொடி ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். அந்த வார்த்தைதான் அவளோடு கடைசி வரை இருக்கும்.