பட்டென்று அணையும் கணினி

பாதி வேலையில் கணினி திடீரென்று அணைந்தால் உடனே வைரஸ் மேல் பழி போட வேண்டாம். பெரும்பாலும் கணினி தன்னைக் காத்துக்கொள்கிறது. பிராசஸர் சுமார் 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் முதலில் வேகத்தைக் குறைக்கும். அப்படியும் சூடு அடங்காவிட்டால், விண்டோஸைக்கூடக் கேட்காமல் மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

அருப்புக்கோட்டையில் இதற்குத் தோது அதிகம். விசைத்தறிப் பஞ்சுத்தூசி, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் புழுதியோடு சேர்ந்து பிராசஸரின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் இடுக்குகளில் கம்பளிபோல் படிந்துவிடும். சித்திரையில் அறையே 38 டிகிரியில் இருந்தால், விசிறி இழுப்பதும் அந்தச் சூட்டுக் காற்றைத்தானே!

அரை மணி ஆறவிட்டதும் ஒழுங்காக ஓடினால், காரணம் அநேகமாகச் சூடுதான். பிளக்கைப் பிடுங்கி, விசிறி சுழலாமல் பிடித்துக்கொண்டு தூசியை ஊதுங்கள். பிராசஸர் மேலுள்ள, சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருந்தால் மாற்றுங்கள்.

சூடில்லாமலும் அணைகிறதா? கணினிக்குள் மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகிக்கலாம். மின்சாரம் விட்டுப்போனால் அதன் கெபாசிட்டர் தாங்குவது நொடியில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு நேரம்தான். பழசானால் அதுவும் இல்லை. யூபிஎஸ் இருந்தும் அணைந்தால் அதன் பேட்டரியைப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் நீங்களே திறக்காதீர்கள்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல்கூடத் தேங்கி நிற்கும்.