எண் மாறாப் பெயர்வு

தரைவழித் தொலைபேசி எண் ஊரைச் சார்ந்தது. 044 சென்னையையும் 0452 மதுரையையும் குறிக்கும். ஊர் மாறினால் எண்ணும் மாறும். கைப்பேசி எண்ணோ ஆளைச் சார்ந்தது. உற்றாரும் வங்கியும் ஒருவரை அவ்வெண்ணால் அறிகின்றனர். ஆயினும், நிறுவனத்தை மாற்றியவர் ஒருகாலத்தில் தம் எண்ணையும் இழந்தார். அவ்விழப்புக்கு அஞ்சியே பலர் குறையுள்ள சேவையைப் பொறுத்துக்கொண்டனர்.

இந்நிலையை எண் பெயர்வு வசதி மாற்றியது. 2010 நவம்பரில் அரியானாவில் தொடங்கிய இது, 2011 சனவரி 20 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. 2015 சூலை முதல் ஒரு தொலைத்தொடர்பு வட்டத்திலிருந்து மற்றொன்றுக்கும் எண்ணைக் கொண்டுசெல்லலாம்.

முன்னர் எண்ணின் முதல் இலக்கங்களே அது எந்நிறுவனத்துக்கு உரியது என்பதைக் காட்டின. இன்று அவற்றை நம்ப இயலாது. எனவே, ஓர் எண்ணை அழைத்ததும், அது இப்போது எந்நிறுவனத்திடம் உள்ளது என்பது தரவுத்தளத்தில் தேடப்படுகிறது; அதன்பின்னரே அழைப்பு உரிய வலையமைப்பைச் சென்றடைகிறது. பேசுவோர் இத்தேடலை உணர்வதேயில்லை.

பெயர விரும்புவோர் 1900 என்னும் எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் எட்டெழுத்துக் குறியீடு ஒன்று கிடைக்கும். அதனை அடையாளச் சான்றுடன் புதிய நிறுவனத்திடம் அளித்தல் வேண்டும். பழைய நிறுவனத்தில் குறைந்தது 90 நாள்கள் இருந்திருக்க வேண்டும். கட்டண நிலுவை இருத்தலாகாது. முன்கட்டண இணைப்பின் மீதித்தொகை உடன்வாராது. பெயர்வு முடியுமுன் பழைய இணைப்பைத் தாமே துண்டித்தலும் தவறு. துண்டித்தபின் பெயர்ப்பதற்கு எண் இராது. குறியீட்டைப் பிறரிடம் கூறுவதோ அதனினும் தீங்கானது. எண்ணைக் கவர்ந்தவர் கைக்கே வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் போய்ச்சேரும்.