அடக்கி வாசித்தால் அள்ளலாம் மெடல்!

எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். இன்னும் சில நூறு மீட்டர் ஓடினால் பந்தயம் கைக்குள். அந்த நேரம் பார்த்து ஜானி பிரவுன்லீயின் கால்கள் பின்ன ஆரம்பித்தன. தள்ளாடினார். அப்படியே ரோட்டோரமாகச் சாய்ந்தார்.

2016 செப்டம்பர். மெக்சிகோவின் கோசுமெல் தீவு. உலக ட்ரையத்லான் தொடரின் கடைசிப் போட்டி. கொளுத்தும் வெயில், கூடவே கடலோரப் புழுக்கம். பின்னால் ஓடிவந்தவர் வேறு யாருமில்லை, ஜானியின் சொந்த அண்ணன் அலிஸ்டர். லண்டன், ரியோ என இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றவர். தம்பியின் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, தூக்காத குறையாக இழுத்துக்கொண்டே ஓடினார். எல்லைக்கோடு வந்ததும் தம்பியை முன்னால் தள்ளிவிட்டார்.

அதற்குள் தென்னாப்பிரிக்காவின் ஹென்றி ஷூமன் தாண்டிப்போய் முதலிடத்தைப் பிடித்துவிட்டார். ஜானிக்கு இரண்டாமிடம், அண்ணனுக்கு மூன்றாமிடம். வெறும் 4 புள்ளி வித்தியாசத்தில் உலக சாம்பியன் பட்டம் ஸ்பெயினின் மரியோ மோலாவுக்குப் போனது.

அந்த வீடியோவைப் பார்த்து உலகமே உருகியது. ஆனால், பாசத்தைக் காட்டிய அதே அண்ணன், பிறகு பேட்டியில் தம்பியைக் கடிந்துகொள்ளவும் செய்தார். 'வேகத்தை ஒழுங்காகக் கணக்குப் போட்டிருந்தால், கடைசி 2 கிலோமீட்டரை மெதுவோட்டமாக ஓடியே ஜெயித்திருப்பான்' என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

ட்ரையத்லானின் மொத்தப் பாடமும் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடுகிறது.

மூன்று ஆட்டம்... ஒரே பர்ஸ்!

நீச்சல், சைக்கிள், ஓட்டம். மூன்றையும் இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்து முடிப்பதுதான் ட்ரையத்லான். ஒலிம்பிக்கில் 2000-ம் ஆண்டு சிட்னியில் அறிமுகமானது. 1.5 கி.மீ நீச்சல், 40 கி.மீ சைக்கிள், 10 கி.மீ ஓட்டம் என்பது ஒலிம்பிக் கணக்கு. 'அயர்ன்மேன்' போட்டி என்றால் 3.8 கி.மீ நீந்தி, 180 கி.மீ சைக்கிள் மிதித்து, அதன்பிறகு 42.2 கி.மீ முழு மாரத்தான் ஓட வேண்டும். 1978-ல் ஹவாயில் நடந்த முதல் அயர்ன்மேனில் இறங்கியவர்கள் 15 பேர். முடித்தவர்கள் 12 பேர்.

விளையாட்டு மூன்றாக இருந்தாலும், செலவழிக்கும் பர்ஸ் ஒன்றுதான். நம் தசைகளிலும் கல்லீரலிலும் சேமிப்பாக இருக்கும் மாவுச்சத்து ஏறக்குறைய 2,000 கலோரி. இது கையில் இருக்கும் ரொக்கம். உடம்பில் உள்ள கொழுப்பு, பேங்கில் கிடக்கும் ஃபிக்ஸட் டெபாசிட் மாதிரி. நிறைய இருக்கும், ஆனால் அவசரத்துக்குச் சட்டென்று எடுக்க முடியாது. வேகம் கூடக் கூட, உடம்பு ரொக்கத்தைத்தான் அதிகமாகக் கேட்கும்.

1-ம் தேதி சம்பளம் வந்ததும் ஓட்டல், சினிமா என்று வாரி இறைத்துவிட்டு, 25-ம் தேதி பக்கத்து வீட்டில் கைமாற்று கேட்பவரின் கதைதான். ட்ரையத்லானில் மாசக் கடைசி என்பது ஓட்டம். அங்கே கைமாற்று கொடுக்க ஆள் கிடையாது. எல்லோருக்கும் அலிஸ்டர் மாதிரி அண்ணன் பின்னால் ஓடிவர மாட்டார்.

தண்ணீரில் வீரம் வேண்டாம்

அயர்ன்மேனின் மொத்தத் தூரம் சுமார் 226 கி.மீ. அதில் நீச்சல் 2 சதவிகிதம்கூட இல்லை. உயிரைக் கொடுத்து நீந்தினாலும் மிச்சமாவது சில நிமிடங்கள்தான். தண்ணீர், காற்றைவிட 800 மடங்கு அடர்த்தியானது. அதில் கொஞ்சம் வேகம் கூட்டவும் ஏகப்பட்ட சக்தி வேண்டும்.

அனுபவசாலிகள் தன் வேகத்துக்குச் சற்றே மேலான ஒருவரின் பாதத்துக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நீந்துவார்கள். முன்னால் போகிறவர் தண்ணீரைக் கிழித்துத் தருவதால், பின்னால் வருபவருக்குச் சுமை குறையும். புதியவர்கள் கூட்டத்தின் நடுவில் நின்று உதை வாங்குவதைவிட, ஓரமாக நின்று தொடங்குவது நல்லது. மூச்சு வாங்காமல் கரையேறினாலே பாதி வெற்றி.

கரையேறியதும் சைக்கிளுக்கு மாறும் இடத்தில்தான் பதற்றம் தொற்றிக்கொள்ளும். ஹெல்மெட்டின் வாரை மாட்டிய பிறகுதான் சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுக்க வேண்டும் என்பது விதி. அவசரத்தில் மறந்தால் தண்டனை.

சைக்கிள் விரிக்கும் வலை

ட்ரையத்லானில் அதிக நேரம் போவது சைக்கிளில். அதிகம் பேர் ஏமாறுவதும் சைக்கிளில்தான். காரணம், மிதிக்கும்போது வலிக்காது. வலி ஓட்டத்தில்தான் தெரியும்.

காற்றை எதிர்த்து மிதிக்கும்போது வேகத்தை 10 சதவிகிதம் கூட்ட வேண்டுமென்றால், காற்றைக் கிழிப்பதற்கான சக்தி சுமார் 33 சதவிகிதம் கூடுதலாகத் தேவைப்படும். எவனோ ஒருவன் முந்திப்போகிறான் என்று ரோஷப்பட்டு விரட்டினால், அந்தக் கடனைத் தொடையும் கெண்டைக்காலும் பிறகு வட்டியோடு கட்ட வேண்டும். மேடு வந்தால் எழுந்து நின்று மிதிக்காமல், லேசான கியருக்கு மாறி அதே உழைப்பில் ஏறுவதுதான் புத்திசாலித்தனம்.

சைக்கிள்தான் டைனிங் டேபிளும்கூட. ஓடும்போது குலுங்கும் வயிறு சாப்பாட்டை ஏற்காது. அதனால் நெடுந்தூரப் போட்டிகளில் மணிக்கு 60 முதல் 90 கிராம் வரை மாவுச்சத்தை ஜெல், பானம், வாழைப்பழம் என்று சைக்கிளிலேயே உள்ளே தள்ளுவார்கள். பயிற்சியில் சாப்பிட்டுப் பழகாத எதையும் போட்டியன்று தொடக் கூடாது. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தாலும் ரத்தத்தில் சோடியம் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஆறு தோல்வி சொல்லித் தந்தது

அமெரிக்காவின் மார்க் ஆலன், ஹவாயில் ஆறு முறை முயன்று ஆறு முறையும் கோட்டைவிட்டவர். 1984-ல் சைக்கிள் முடிந்தபோது பெரிய முன்னிலையில் இருந்தார். வெயிலில் ஓட்டம் தொடங்கியதும் துவண்டு, ஐந்தாவதாகத்தான் வந்தார்.

1989-ல் வேறு முடிவெடுத்தார். அதுவரை ஆறு முறை பட்டம் வென்றிருந்த டேவ் ஸ்காட்டை முந்தவே இல்லை. நீச்சல், சைக்கிள், ஓட்டம் எல்லாவற்றிலும் நிழல்போல் கூடவே போனார். 8 மணி நேரம் தோளோடு தோள்! கடைசி 3 கிலோமீட்டருக்குள் ஒரு மேடு வந்தது. அங்கேதான் சேமித்து வைத்ததை எடுத்துச் செலவழித்தார். 58 விநாடி வித்தியாசத்தில் வெற்றி. அதன்பிறகு மேலும் ஐந்து முறை பட்டம் அவருக்குத்தான்.

சைக்கிளை விட்டு இறங்கியதும் கால்கள் கட்டைபோல இருக்கும். ஆனால் சைக்கிள் வேகத்துக்குப் பழகிய மூளைக்கு, வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடுவதாகவே தோன்றும். அதனால் முதல் கிலோமீட்டரை 'இவ்வளவு மெதுவாகவா?' என்று நினைக்கும் அளவுக்கு ஓட வேண்டும். பயிற்சியிலேயே சைக்கிள் மிதித்த கையோடு கொஞ்ச தூரம் ஓடிப் பழகினால், போட்டியில் கால் பேச்சைக் கேட்கும்.

உங்களுக்கும் ஒரு கணக்கு

கொழும்பில் 2018-லும், கோவாவில் 2019-லும் அயர்ன்மேனின் பாதித் தூரப் போட்டிகள் நடந்தன. நம் பக்கத்திலும் ஆர்வம் வந்துவிட்டது. ட்ரையத்லான் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை 10 கி.மீ ஓட்டம் போதும் என்பவருக்கும் கணக்கு ஒன்றுதான்.

* முதல் பாதியில் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா? சரியான வேகம். வார்த்தை உடைந்தால் குறையுங்கள்.

* வெயில் நாளில் உங்கள் வழக்கமான நேரத்தை மறந்துவிடுங்கள். உடம்பைக் குளிர்விக்கவும் ரத்தம் தோலுக்குப் போக வேண்டியிருப்பதால், கால்களுக்குக் கிடைப்பது குறையும்.

* தலைசுற்றல், குழப்பம், தள்ளாட்டம் வந்தால் நிறுத்திவிடுங்கள். அது கோழைத்தனம் இல்லை. கடலில் தனியாக நீந்தவே வேண்டாம். 40 வயதைத் தாண்டியவர்கள் டாக்டரைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

ஜானி பிரவுன்லீ என்ன ஆனார்? கோசுமெல்லிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர், ஓய்ந்துவிடவில்லை. லண்டனில் வெண்கலம், ரியோவில் வெள்ளி வாங்கியிருந்தவருக்கு, 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கமும் கிடைத்தது. நான்கு பேர் மாறி மாறி ஓடும் கலப்பு ரிலேயில்! ஒவ்வொருவருக்கும் 300 மீட்டர் நீச்சல், 6.8 கி.மீ சைக்கிள், 2 கி.மீ ஓட்டம்தான். அங்கே அடக்கி வாசிக்கத் தேவையில்லை; இருப்பதையெல்லாம் கொட்டலாம்.

எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று தெரிந்துகொண்டு செலவழிப்பவருக்கு, மாசக் கடைசியிலும் கையில் காசு இருக்கும்!