கடலடியில் ஒரு கணக்குப் பரீட்சை

கடலில் 30 மீட்டர் ஆழத்தில் ஒரு கான்கிரீட் கட்டை கிடக்கிறது. எடை 250 கிலோகிராம். அது இடம்பெயர்க்கும் நீர் 100 லிட்டர். கட்டையோடு ஒரு பையைக் கட்டி, அதில் காற்றைச் செலுத்தித் தூக்க வேண்டும். எவ்வளவு காற்று தேவை?

பௌதிக ஆசிரியர் கொடுத்த வீட்டுக்கணக்கு என்று நினைத்தீர்களா? இல்லை. ஸ்கூபா முக்குளிப்பைத் தொழிலாக ஏற்க விரும்புவோர் எழுதும் தேர்வில் இத்தகைய கேள்விகள் வருவதுண்டு. அத்தொழிலின் முதற்படி ‘டைவ் மாஸ்டர்’ என்னும் பதவி. மற்றவர்களைக் கடலடிக்கு அழைத்துச் சென்று பத்திரமாகத் திரும்பக் கொண்டுவருவது அவர் பொறுப்பு. நீந்தத் தெரிந்தால் மட்டும் போதாது. பௌதிகம், உடலியல், கருவிகள், அழுத்தக் குறைப்பு அட்டவணைகள் ஆகியவற்றிலும் எழுத்துத் தேர்வு உண்டு.

கணக்குக்கு வருவோம். ஆர்க்கிமிடிஸ் தத்துவம் உங்களுக்குத் தெரியும். ஒரு லிட்டர் கடல்நீரின் எடை 1.03 கிலோகிராம். ஆகவே 100 லிட்டர் நீர் கட்டையை 103 கிலோகிராம் அளவுக்குத் தாங்குகிறது. மீதி 147. இதை 1.03 ஆல் வகுத்தால் சுமார் 143 லிட்டர். பையில் அவ்வளவு காற்று நிறைந்ததும் கட்டை மிதக்கும் நிலைக்கு வந்துவிடும்.

ஆனால் அந்த 143 லிட்டர், கடலடியில் உள்ள கனஅளவு. கடல் மட்டத்தில் அதே காற்று எவ்வளவு இடத்தை அடைக்கும்? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. ஆகவே 30 மீட்டரில் 3 என்று எழுதிவிடுகிறார்கள். கடலுக்கு மேலேயும் காற்று இருக்கிறதே, அதன் அழுத்தம் எங்கே போயிற்று? சரியான விடை 4 வளிமண்டலம். 143-ஐ 4 ஆல் பெருக்கினால் 572 லிட்டர். எந்தக் கணக்கானாலும் முதல் வரியில் மொத்த அழுத்தத்தை எழுதிக்கொண்டு தொடங்குவது நல்லது.

அளவுக்கு மேல் காற்றைச் செலுத்தினால் என்ன ஆகும்? கட்டை மேலே கிளம்பும். மேலே போகப்போக அழுத்தம் குறையும், காற்று விரியும், வேகம் இன்னும் கூடும். பையின் கயிற்றில் கை சிக்கிய முக்குளிப்பவரும் கூடவே இழுத்துச் செல்லப்படுவார்.

அது ஏன் ஆபத்து? 1943-ல் பிரான்சில் கூஸ்தோ, காஞான் ஆகிய இருவரும் உருவாக்கிய மூச்சுக்கருவி, எந்த ஆழத்தில் இருக்கிறோமோ அந்த ஆழத்தின் அழுத்தத்திலேயே காற்றைத் தருவது. இன்றைய ஸ்கூபா கருவிகளும் அப்படித்தான். 10 மீட்டரில் 5 லிட்டர் காற்றை இழுத்த ஒருவர், மூச்சை அடக்கியபடி மேலே வந்தால் அது 10 லிட்டராக விரிய முயலும். நுரையீரல் தாங்காது, கிழிந்து, காற்றுக் குமிழ்கள் இரத்தத்தில் புகுந்து மூளைவரை போய்விடக்கூடும். 30 மீட்டரிலிருந்து 20-க்கு வரும்போதோ, காற்று மூன்றில் ஒரு பங்குதான் கூடுதலாக விரிகிறது. அதாவது, கடைசி 10 மீட்டரில்தான் மாற்றம் மிகப் பெரிது. ‘ஆழமே ஆபத்து’ என்று நெட்டுருப் போட்டவர் இந்தக் கேள்வியில் தவறிவிடுவார்.

அப்படியானால், மன்னார் வளைகுடாவில் மூச்சை அடக்கி முத்துக்குளித்தவர்களுக்கு நுரையீரல் ஏன் கிழியவில்லை? அவர்கள் காற்றை இழுத்தது கடல்மட்டத்தில். கீழே போகையில் அது சுருங்கியது. மேலே வந்ததும் பழைய அளவை அடைந்தது, அவ்வளவே.

தேர்வின் கடினமான பகுதி நைட்ரஜனைப் பற்றியது. அழுத்தம் கூடினால் திரவத்தில் கரையும் வாயுவும் கூடும் என்பது ஹென்றி விதி. முக்குளிப்பவரின் உடலில் நைட்ரஜன் அப்படிக் கரைகிறது. அவசரமாக மேலே வந்தால், சோடாப் புட்டியைத் திறந்ததுபோல் குமிழியிடும். மூட்டுகளில் கடும் வலி, சில வேளை பக்கவாதம்கூட வரும். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி இதை வெள்ளாடுகளை வைத்து ஆராய்ந்தார். வலி கண்ட ஆடு ஒரு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்குமாம்! 1908-ல் வெளியான அவரது அட்டவணைகள், இடையிடையே நின்று நின்று மேலே வரும் முறையை வகுத்தன.

அவர் உடலை ஐந்து வகைத் ‘திசுக்களாக’ வைத்துக் கணக்கிட்டார். அவற்றின் அரைக்காலங்கள் 5, 10, 20, 40, 75 நிமிடங்கள். கதிரியக்கப் பொருளின் அரை வாழ்வுக்காலத்தைப் படித்திருப்பீர்கள். இதுவும் அதே தினுசுதான், ஆனால் இங்கே நிறைகிறது. 5 நிமிடத் திசு முதல் 5 நிமிடத்தில் பாதி நிறையும். அடுத்த 5 நிமிடத்தில் மீதியில் பாதி, ஆக 75 சதவீதம். ஆறு அரைக்காலங்களில் ஏறக்குறைய முழுவதும் நிறைந்துவிடும்.

இன்று மணிக்கட்டில் கட்டிய சிறு கணிப்பொறி இதையெல்லாம் நொடிக்கு நொடி கணக்கிடுகிறது. ஆனாலும் தேர்வில் கேட்கிறார்கள். கடலடியில் கருவி நின்றுபோனால், பின்னால் வரும் நாலைந்து பேரும் தலைவரின் முகத்தைத்தானே பார்ப்பார்கள்?

உங்களுக்கு ஒரு கேள்வி: 20 நிமிடத் திசு ஒன்று, 40 நிமிடத்தில் எத்தனை சதவீதம் நிறைந்திருக்கும்? 60 நிமிடத்தில்? தாளை எடுத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். முதல் விடை 75, இரண்டாவது 87.5.