வேலாவின் காமா கதிர் எங்கே பிறக்கிறது?

மாசி மாத இரவு ஒன்பது மணிக்குக் காஞ்சிபுரத்து மொட்டை மாடியில் நின்று தெற்கே பார்த்தால் அகத்தியர் நட்சத்திரம் பளிச்சென்று தெரியும். அதற்கு இடப்புறம், கொஞ்சம் மேலே, வெறும் கண்ணுக்குச் சிக்காமல் விநாடிக்கு 11 முறை சுழன்றுகொண்டிருக்கிறது வேலா பல்சர். சுழலச் சுழலக் காமா கதிரைத் துடிப்புகளாக வீசும் நியூட்ரான் நட்சத்திரம் இது. எடை சூரியனை மிஞ்சும். குறுக்களவோ காஞ்சியிலிருந்து செங்கல்பட்டு போகும் தூரம்கூட இல்லை.

ஐரோப்பாவின் பெரும்பகுதிக்கு வேலா உதிப்பதே இல்லை. ஊட்டிக்கு உதிக்கும். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் 1969இல் அங்கே பழைய சர்ச்லைட் கண்ணாடிகளை வானத்தை நோக்கித் திருப்பி வைத்தார்கள். காமா கதிர் காற்று மண்டலத்தில் மோதும்போது சில நானோவிநாடிகளே நீடிக்கும் நீல வெளிச்சம் எழும். அதன் பெயர் செரன்கோவ் ஒளி. நிலவில்லாத இரவுகளில் அந்த வெளிச்சத்தைப் பிடித்து, பல்சரின் சுழற்சிக்கு ஒத்துவருகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. பின்னாளில் வேலாவையும் இப்படிக் கவனித்தார்கள். சந்தேகத்துக்கு இடமில்லாமல் முடிவு சொல்லும் வலு அன்றைய கருவிகளுக்கு இல்லை.

கணக்குப் போடுகிறவர்களின் சண்டை வேறு. கதிர் எங்கே பிறக்கிறது?

ஒரு தரப்பு, காந்த துருவத்தின் மேற்பரப்புக்கு அருகில் என்றது. அங்கே காந்தப்புலம் லட்சம் கோடி காஸ் அளவில் இருக்கிறது. பூமியில் ஒரு காஸ்கூடத் தேறாது. அவ்வளவு வலுவான புலத்தில் ஆற்றல் மிகுந்த காமா கதிர் தப்பாது, எலக்ட்ரான், பாசிட்ரான் ஜோடியாக மாறிவிடும். அப்படியானால் குறிப்பிட்ட ஆற்றலுக்கு மேல் கதிர் சட்டென்று அற்றுப்போக வேண்டும். மறு தரப்பு, வெளியே வெகு தூரத்தில் என்றது. நட்சத்திரத்தோடு சேர்ந்து சுழலும் காந்தப்புலம் ஒளியின் வேகத்தை எட்டும் எல்லை ஒன்று உண்டு. வேலாவுக்கு அது சுமார் 4,300 கிலோமீட்டர். அதையொட்டிப் பிறந்த கதிர் படிப்படியாகத்தான் குறையும்.

2008இல் விண்ணுக்குப் போன ஃபெர்மி தொலைநோக்கி வேலாவில் கண்டது அந்தப் படிப்படியான குறைவைத்தான். துருவக் கட்சி தோற்றது.

வென்றவர்களுக்கும் நிம்மதி இல்லை. நமீபியாவில் உள்ள ஹெஸ் தொலைநோக்கிகள் வேலாவிலிருந்து 20 டெரா எலக்ட்ரான்வோல்ட் வரை துடிப்புகள் வருவதை 2023இல் அறிவித்தன. கண்ணுக்குத் தெரியும் ஒளியைவிட இது பல லட்சம் கோடி மடங்கு ஆற்றல். பழைய மாதிரிகள் இதற்கு ஈடுகொடுக்கத் திணறுகின்றன. எலக்ட்ரான், பாசிட்ரான் கூட்டத்தையே சூப்பர் கம்ப்யூட்டரில் ஓடவிட்டுப் பார்க்கும் ஆய்வுகள் இப்போது நடக்கின்றன. அவற்றிலும், நிஜமான காந்தப்புல வலிமையைக் கணினி தாங்காது என்பதால், வெகுவாகக் குறைத்து வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள்.