நடுக்குவாதமும் சிந்தனைத் திறனும்: உடற்பயிற்சியின் பங்கு

மக்களின் ஆயுட்காலம் நீடிப்பது வளர்ச்சியின் சிறந்த அளவுகோல்களில் ஒன்றாகும். எனினும், நீண்ட ஆயுள் சமுதாயத்துக்குப் புதிய பொறுப்புகளையும் கொண்டுவருகிறது. 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 60 வயதை எட்டியோரும் கடந்தோரும் 10 கோடிக்கு மேல் இருந்தனர். முதுமையில் பெரிதும் தாக்கும் நோய்களுள் ஒன்று நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய். 2019இல் உலகெங்கும் 85 லட்சத்துக்கு மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

நோயின் தன்மை

1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்நோயை விரிவாக விவரித்தார். மூளையில் டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அழிவதால் கை நடுக்கம், தசை விறைப்பு, அசைவில் மந்தம் ஆகியவை தோன்றுகின்றன. நோயாளியின் அறிவுத்திறன் கெடுவதில்லை என்று பார்க்கின்சன் கருதினார். பிற்கால ஆய்வுகள் இக்கருத்தைத் திருத்தின. திட்டமிடுதல், கவனத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் திருப்புதல், ஒரே நேரத்தில் இரு வேலைகளைச் செய்தல் ஆகிய திறன்கள் பலருக்குக் குறைகின்றன.

இதன் விளைவு வீட்டிலேயே புலப்படும். மற்றவர்களுக்கு நடை தானாக நிகழும் செயல். நடுக்குவாத நோயாளிக்கோ ஒவ்வோர் அடிக்கும் கவனம் தேவைப்படுகிறது. நடக்கும்போது யாரேனும் பேச்சுக் கொடுத்தால் அவர் நின்றுவிடலாம், அல்லது தடுமாறி விழலாம். எனவே, சிந்தனைத் திறனைப் பேணுவது விழுவதைத் தடுக்கும் முயற்சியின் ஒரு பகுதியுமாகும். 1960களில் பயன்பாட்டுக்கு வந்த லெவோடோபா மருந்து அசைவைச் சீராக்குகிறது. சிந்தனைக் குறைவை அந்த அளவுக்குப் போக்குவதில்லை.

பயிற்சியின் பயன்

இங்குதான் உடற்பயிற்சி முக்கியத்துவம் பெறுகிறது. நெதர்லாந்தில் நோயாளிகள் வீட்டிலேயே நிலையான மிதிவண்டியை வாரம் மும்முறை, ஆறு மாதம் மிதித்தனர். தசைகளை நீட்டும் பயிற்சி மட்டும் செய்தோருடன் ஒப்பிடுகையில் அவர்களது அசைவுக் குறைபாடு குறைவாகவே முற்றியது என 2019இல் வெளியான முடிவுகள் காட்டின. அவர்களுள் ஒரு பகுதியினரின் மூளைப் படங்களை ஆராய்ந்து 2022இல் வெளியிட்ட கட்டுரை, செயல்களைக் கட்டுப்படுத்தும் சிந்தனைத் திறன் மேம்பட்டதையும் மூளைத் திசுச் சுருக்கம் குறைந்திருந்ததையும் தெரிவித்தது. பயிற்சி நோயைக் குணப்படுத்துவதில்லை. மருந்துக்கு மாற்றும் ஆகாது. இரண்டும் சேர்ந்தே பயன் தரும்.

மூச்சு வாங்கும் அளவுக்கு வேகமான நடையோ மிதிவண்டியோ வாரத்தில் மூன்று நாள், 30 நிமிடங்கள்; தசை வலுவூட்டும் பயிற்சி இரண்டு அல்லது மூன்று நாள்; இவற்றுடன் சமநிலைப் பயிற்சியும் தசை நீட்டலும் தேவை என்பது பொதுவான பரிந்துரை. நடந்துகொண்டே காய்கறிகளின் பெயர்களைச் சொல்வது, 100இலிருந்து பின்னோக்கி எண்ணுவது போன்றவை உடலையும் மனத்தையும் ஒருங்கே பழக்குகின்றன. விழும் அபாயம் உள்ளோர் இவற்றை வல்லுநர் அல்லது குடும்பத்தாரின் துணையுடனேயே செய்தல் வேண்டும். மருந்து நன்கு வேலை செய்யும் நேரமே பயிற்சிக்கு ஏற்றது.

பொதுப் பொறுப்பு

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, இந்நோயையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. 2010–11இல் தொடங்கிய தேசிய முதியோர் சுகாதாரத் திட்டத்தில் மாவட்ட மருத்துவமனைகளுக்கான இயன்முறை சிகிச்சை வசதியும் இடம்பெற்றது. ஆனால் பயிற்சியின் பயன் தொடர்ந்து செய்வதில்தான் உள்ளது. மாவட்டத் தலைநகருக்கு வாரம் மும்முறை வந்து போகும் செலவையும், உடன் வருபவர் இழக்கும் கூலியையும் ஏழைக் குடும்பம் தாங்காது. ஆகவே, இயன்முறை வல்லுநர் தொடக்கத்தில் பயிற்சியை வகுத்துத் தருவதும், கிராமத்துக்கு அருகிலுள்ள சுகாதார மையத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் அதைத் தொடர்ந்து நடத்துவதுமே நடைமுறைக்கு உகந்த வழி. இதற்கு விலை உயர்ந்த கருவிகள் வேண்டுவதில்லை. கற்றுத்தரும் ஆட்களும், நின்றுபோகாத ஏற்பாடும் வேண்டும்.