தங்கப் பதக்கத்துக்கும் முதல் படத்துக்கும் நடுவே

கேகாலை மாவட்டத்துப் பிள்ளைகளுக்குக் கித்துல்கல என்றால் ஆற்றுக் குளியலும் படகுச் சவாரியும்தான் நினைவுக்கு வரும். உலக சினிமா வரலாற்றிலும் அந்த ஊருக்கு இடமுண்டு. டேவிட் லீன் தமது 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்துக்காகக் களனி கங்கைக்குக் குறுக்கே 425 அடி நீளமும் 90 அடி உயரமும் கொண்ட மரப்பாலத்தைக் கட்டுவித்ததும், 1957 மார்ச்சில் அதை ரயிலோடு வெடிவைத்துத் தகர்த்ததும் அங்கேதான். படம் ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது.

அந்தப் படக்குழு இலங்கையில் முகாமிட்டிருந்த நாட்களில், சுற்றுலா வந்த மட்டக்களப்புப் பள்ளி மாணவர்கள் சிலர் படப்பிடிப்பை வேடிக்கை பார்க்க நின்றார்கள். அமிர்தகழியில் 1939இல் பிறந்த மகேந்திரன் அவர்களில் ஒருவர். இயக்குநர் மழை என்று குரல் கொடுத்ததும் மழை கொட்டியது. அதைக் கண்டு மலைத்த கணத்திலேயே தாமும் இயக்குநராவது என்று முடிவெடுத்ததாகப் பின்னாளில் அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். தமிழுலகம் அவரைப் பாலு மகேந்திரா என்று அறியும்.

மாவனல்லையிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் உயர்தரம் முடித்துவிட்டு வடிவமைப்பு, அனிமேஷன், ஒளிப்பதிவு படிக்க வெளிநாடு போகலாமா என்று யோசிக்கும் இளைஞர்களுக்கு இந்த மனிதரின் கதையில் பாடம் இருக்கிறது. வெற்றி பெற்ற பிறகான அத்தியாயங்கள் எல்லாருக்கும் தெரியும். அதற்கு முந்தைய சில ஆண்டுகளைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. அனுமதிக் கடிதம், கட்டணம், வங்கிக் கணக்கில் காட்ட வேண்டிய தொகை எல்லாவற்றையும் முகவர்கள் விரல் நுனியில் வைத்திருக்கிறார்கள். பட்டம் கைக்கு வந்த மறுநாள் காலையில் என்ன செய்வது என்று கேட்டால் பதில் மங்கிவிடுகிறது.

மகேந்திரன் நேராகப் போய்ச் சேர்ந்துவிடவில்லை. கொழும்பில் வரைஞராக வேலை பார்த்தார். இலங்கை வானொலி நாடகங்களில் நடித்தார். 'தேனருவி' என்ற சஞ்சிகையை நடத்துவதில் பங்கெடுத்தார். புனேயிலுள்ள திரைப்படக் கல்லூரிக்கு அவர் போன 1966இல் வயது இருபத்தேழு. பழைய பிரபாத் ஸ்டூடியோ வளாகத்தில் 1960இல் இந்திய அரசு தொடங்கிய அந்தக் கல்லூரி அப்போது ஆறே வயதுக் குழந்தை. இயக்குநராகும் கனவோடு போனவருக்கு ஒளிப்பதிவுப் பிரிவில்தான் இடம் கிடைத்தது. அந்த இடத்தை அவர் உதறவில்லை. அங்கே பிரெஞ்சு இயக்குநர்கள் த்ரூஃபோ, கொதார் ஆகியோரின் படங்களைப் பார்த்தார், ஒளியைப் படித்தார், 1969இல் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார்.

பதக்கத்தைப் பார்த்துக் கோடம்பாக்கம் கதவைத் திறக்கவில்லை. வேற்று நாட்டுக்காரர், அதிலும் கல்லூரியில் படித்து வந்தவர். உதவியாளராகச் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் ஒருவரின் கீழ் உழைத்து மேலே வருவதே அன்றைய ஒளிப்பதிவாளரின் வழக்கமான பாதை. பட்டயக்காரர்களை அந்த உலகம் சற்றுத் தள்ளியே நிறுத்தியது.

அந்த முடிச்சை அவிழ்த்தது அவர் புனேயில் எடுத்த பட்டயப் படம். 'செம்மீன்' எடுத்துப் புகழின் உச்சியிலிருந்த மலையாள இயக்குநர் ராமு காரியாட் அதைப் பார்த்தார். பிடித்துப்போய், தமது 'நெல்லு' படத்துக்கு அந்த இளைஞரையே ஒளிப்பதிவாளராக்கினார். பி. வத்சலாவின் நாவல், வயநாட்டுக் காட்டு நிலம், சலில் சௌத்ரியின் இசை, படத்தொகுப்புக்கு ரிஷிகேஷ் முகர்ஜி. இவ்வளவு பெரிய கூட்டணியில், அதற்கு முன் ஒரு முழுநீளப் படத்தைக்கூடத் தனித்து ஒளிப்பதிவு செய்திராத ஒருவரை நம்பிக் கமராவைக் கொடுத்தது காரியாட்டின் துணிச்சல். இந்தக் கதையில் எனக்கு ஆகப் பிடித்த இடம் இதுதான். அவர் பார்த்தது சான்றிதழை அல்ல, திரையில் விழுந்த ஒளியை.

அதன் பிறகும் காத்திருப்பு தொடர்ந்தது. 'நெல்லு' வெளிவரத் தாமதமானதால் பி. என். மேனனின் 'பணிமுடக்கு' முந்திக்கொண்டது. 1974இல் 'நெல்லு' வெளியாகி, கேரள அரசின் சிறந்த ஒளிப்பதிவாளர் விருதை வாங்கித் தந்தது. தாய்மொழிப் படவுலகம் தயங்கிய வேளையில் பக்கத்து மொழி சோறு போட்டது. அவர் முதலில் இயக்கிய 'கோகிலா'கூட 1977இல் வந்த கன்னடப் படம்தான்.

அவரால் காத்திருக்க முடிந்தது. இன்று போகிற பிள்ளைக்கு அந்தக் காத்திருப்பை விசா அளந்து கொடுக்கிறது. பிரித்தானியாவில் பட்டம் முடித்தவர் வேலை தேடித் தங்க 2021 ஜூலை முதல் இரண்டு ஆண்டுகள் கிடைத்துவந்தன. 2027 ஜனவரி முதல் விண்ணப்பிக்கும் பட்டதாரிகளுக்கு அது பதினெட்டு மாதங்களாகக் குறைகிறது. அதற்குப் பிறகும் அங்கேயே தொடர ஒரு நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும். அந்த வேலைக்கு 2025 ஜூலையில் உயர்த்தப்பட்ட குறைந்தபட்சப் பொதுச் சம்பள எல்லை ஆண்டுக்கு 41,700 பவுண். புதிதாக வேலைக்கு வருவோருக்குச் சலுகை எல்லை உண்டு என்றாலும், சிறிய வடிவமைப்பு நிறுவனமோ படத்தொகுப்புக் கூடமோ ஆரம்ப நிலை ஊழியருக்கு அதைக்கூடத் தருவது அரிது. துண்டு துண்டாக, படத்துக்குப் படம் கூலி பேசும் தொழில் இது. மாதச் சம்பளத்தை மனதில் வைத்து எழுதப்பட்ட விசா விதியோடு இத்தொழில் பொருந்தாமல் முட்டுகிறது. கணினிப் பொறியியல் படித்தவரைவிட ஓவியம் படித்தவரை இந்த விதி கடுமையாக இறுக்குகிறது. இதைப் புறப்படும் முன்பே பிள்ளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

அவுஸ்திரேலியாவில் இளமாணிப் பட்டத்துக்குப் பின் இரண்டு ஆண்டுகள் தங்கலாம். ஆனால் 2024 ஜூலை முதல் பெரும்பாலானோருக்கு வயது எல்லை 35. கனடாவில் டிப்ளோமா படிப்போரின் படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதிக்கு 2024 நவம்பரிலிருந்து பாடத்துறைக் கட்டுப்பாடு வந்துவிட்டது, பட்டப்படிப்புக்கு அது இல்லை. ஆகவே ஒரே நாட்டில், ஒரே துறையில்கூட, டிப்ளோமாவா பட்டமா என்பது பின்னால் கிடைக்கும் வேலை அனுமதியையே தீர்மானிக்கக்கூடும். பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது.

கடன் பட்டு அனுப்பும் குடும்பங்கள் நம் பக்கத்தில் அதிகம் என்பதால் பக்கத்து நாட்டையும் மறக்கக் கூடாது. இந்தியக் கலாசார உறவுகள் பேரவையின் புலமைப்பரிசில்களுக்கு இலங்கை மாணவர்கள் கொழும்பிலுள்ள உயர்ஸ்தானிகராலயம் வழியே அறிந்து விண்ணப்பிக்கலாம். இசை, நடனம், நுண்கலை அவற்றில் அடக்கம்.

எங்கே போனாலும், கடைசி ஆண்டுக்கு முன்பே தொடங்க வேண்டிய வேலை ஒன்று உண்டு: காட்டுவதற்கு ஒரு படைப்பு. பாடத்துக்காகச் செய்த பத்துப் பயிற்சிகளைத் திரட்டி அனுப்புவதைவிட, முழு மூச்சோடு செய்து முடித்த ஐந்து நிமிடப் படம், ஓர் அனிமேஷன், ஒரு புத்தக வடிவமைப்பு பலமாகப் பேசும். அதைப் பார்க்க வேண்டியவர் பார்க்கும்படி விழாக்களுக்கும் நிறுவனங்களுக்கும் அனுப்புவதும் படிப்பின் பகுதிதான். ஆங்கிலப் படவுலகம் மட்டுமே வேலை தரும் என்று நினைத்துக்கொள்வதும் வீண். தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் பேசும் மாவனல்லைப் பிள்ளைக்கு, லண்டனிலோ டொரொன்டோவிலோ பல மொழிச் சமூகங்களுக்காக இயங்கும் தொலைக்காட்சி, விளம்பர, ஆவணப்பட நிறுவனங்களின் வாசலும் தட்டத் தகுந்ததே.

பாலு மகேந்திரா 2007இல் சென்னையில் 'சினிமா பட்டறை' என்ற பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 2014 பெப்ரவரியில் காலமாகும் வரை, படமெடுக்க வந்த இளைஞர்களுக்கு அங்கே கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.